டேப்பா… ஸ்பேஸா? ஐ.டி உலகத்தை இரண்டாக்கும் ஒரு சின்ன இடைவெளி!

புரோகிராம் சரியாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் சண்டை ஓயவில்லை. வரியை எவ்வளவு தள்ளித் தொடங்குவது, பிராக்கெட்டை எந்த வரியில் போடுவது… உலகம் முழுக்க எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று ஒரே விதியாகப் போட்டுவிட்டால் என்ன?

போன வருடம், ஒரு புதன்கிழமை இரவு பத்து மணி. ஆபீஸிலிருந்து வந்த என் ரூம்மேட், தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் கட்டிலில் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது. ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி கம்பெனியில் அவள் சேர்ந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

“என்னடி ஆச்சு?”

“மூணாவது தடவையா திருப்பி அனுப்பிட்டாரு.”

“தப்பா எழுதிட்டியா?”

“தப்பே இல்லடி. புரோகிராம் கரெக்ட்டா ஓடுது. பிராக்கெட்டை அடுத்த வரியில போட்டிருக்கேனாம். மேல் வரியிலேயே போடணுமாம். போன வாரம் இன்னொரு சீனியர், அடுத்த வரியிலதான் போடணும்னு சொன்னாரு. நான் யார் பேச்சைக் கேக்கறது?”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. உடனே எங்கள் டிஜிட்டல் டெஸ்க் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டுரையில் ‘கணினி’ என்று எழுதினேன். ஒருவர் அதை அடித்துவிட்டு ‘கம்ப்யூட்டர்’ என்று போட்டார். அடுத்த வாரம் சமர்த்தாக ‘கம்ப்யூட்டர்’ என்று எழுதினேன். இன்னொருவர் அதைக் ‘கணினி’ ஆக்கினார். வாசகருக்கு இரண்டும் புரியும். எனக்குத்தான் எதைத் தொட்டாலும் தப்பாகிவிடுமோ என்ற பயம் வந்தது. அந்தப் பயத்தில் கட்டுரையின் விஷயத்தைவிட வார்த்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பிரச்னையும் அதேதான் என்று புரிந்தது. அதன் பிறகுதான் இந்தச் சண்டையின் பின்னால் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

அப்படி என்னதான் சண்டை?

கோடிங் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அம்மா உங்களுக்கு சாம்பார் குறிப்பு எழுதித் தருகிறார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில், ஒரே பத்தியாக எழுதித் தரலாம். அல்லது, ‘பருப்பை வேகவை’ என்று ஒரு வரி, ‘புளியைக் கரை’ என்று ஒரு வரி, ‘தாளிக்க’ என்று எழுதி, அதன் கீழே கடுகு, வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை என்று கொஞ்சம் உள்ளே தள்ளி வரிசையாக எழுதலாம். இரண்டிலும் சாம்பார் ஒன்றுதான். ஆனால், அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது சட்டென்று பார்க்க எது உதவும்?

கம்ப்யூட்டருக்கு முதல் குறிப்பே போதும். பெரும்பாலான புரோகிராமிங் மொழிகளில், நீங்கள் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள் என்பதை அது பொருட்படுத்தாது. பைத்தான் போன்ற சில மொழிகள் மட்டும் விதிவிலக்கு. அதில் வரியைத் தள்ளி எழுதுவது மாறினால் அர்த்தமே மாறிவிடும். மற்றபடி, இந்த அழகெல்லாம் மனிதர்களுக்காகத்தான். ஒருமுறை எழுதிய புரோகிராமைப் பிறகு பலர், பலமுறை படிக்க வேண்டியிருக்கும். எழுதுவதைவிடப் படிப்பதே அதிகம் என்பது பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம் வலியுறுத்தும் விஷயம்.

சரி, படிக்க வசதியாக எழுத வேண்டும். எப்படி எழுதினால் வசதி? இங்கேதான் ஆளுக்கொரு கட்சி.

* டேப்பா, ஸ்பேஸா? வரியை உள்ளே தள்ள, கீபோர்டில் இருக்கும் டேப் பட்டனை ஒரு தட்டுத் தட்டலாம். ஸ்பேஸ் பாரை இரண்டு, நான்கு அல்லது எட்டு முறையும் தட்டலாம்.
* பிராக்கெட் எங்கே? வரியின் முடிவிலேயே பிராக்கெட்டைத் திறப்பது ஒரு கட்சி. ‘சி’ மொழிக்கு 1978-ல் பாடப்புத்தகம் எழுதிய பிரையன் கெர்னிகன், டென்னிஸ் ரிட்சி பெயர்களில் இந்த முறை வழங்குகிறது. பிராக்கெட்டுக்குத் தனி வரி கொடுப்பது இன்னொரு கட்சி. அது எரிக் ஆல்மன் என்ற புரோகிராமர் பெயரில் இருக்கிறது.
* வரி எவ்வளவு நீளம்? ஒரு வரியில் 80 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது என்பது பழைய பழக்கம். இன்றைய அகலமான மானிட்டரில் அது எதற்கு என்பது புதியவர்களின் கேள்வி.

காதல் முறிந்த கதை!

கேட்க வேடிக்கையாக இருந்தாலும் உணர்ச்சி இதில் அதிகம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அதற்கான ஸ்டைல் கையேட்டின் தொடக்கத்திலேயே ஒரு யோசனை சொல்கிறார். ‘குனு’ அமைப்பின் ஸ்டைல் விதிகளை பிரின்ட் எடுங்கள், படிக்காதீர்கள், கொளுத்திவிடுங்கள் என்கிறார்! லினக்ஸில் எட்டு எழுத்து அகலத்துக்கு டேப் போட வேண்டும். ‘மூன்று படிகளுக்கு மேல் உள்ளே போக வேண்டியிருந்தால், கோளாறு உங்கள் புரோகிராமில்தான் இருக்கிறது’ என்பது அவர் வாதம்.

‘சிலிக்கான் வேலி’ என்ற அமெரிக்க காமெடி சீரியலில் 2016-ல் வந்த ஓர் எபிசோடில், ஹீரோ டேப் கட்சி, காதலி ஸ்பேஸ் கட்சி. காதல் அதோடு முடிந்துபோகும். உலகம் முழுக்க புரோகிராமர்கள் அந்தக் காட்சியைத் தங்கள் ஆபீஸ் கதையாகவே பார்த்துச் சிரித்தார்கள்.

2017-ல் இன்னொரு கூத்து. புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, தன் வருடாந்தர சர்வேயை அலசிப் பார்த்தது. ஸ்பேஸ் பயன்படுத்துபவர்கள், டேப் பயன்படுத்துபவர்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று தெரிந்தது. அனுபவம், நாடு போன்றவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் 8.6% வித்தியாசம். உடனே ஸ்பேஸ் பாரைத் தட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றுதான் இதற்கு அர்த்தம். ஸ்பேஸ் தட்டினால் சம்பளம் ஏறும் என்று அர்த்தம் இல்லை.

ஒரே ஒரு வரி… திறந்து கிடந்த ஐபோன்!

இதெல்லாம் வெறும் அழகு சமாசாரம்தானே என்று நினைத்தால், 2014 பிப்ரவரியில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மாதம் 21-ம் தேதி, ஐபோன்களுக்கு ஆப்பிள் நிறுவனம் அவசரமாக ஒரு அப்டேட் வெளியிட்டது. இன்டர்நெட்டில் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும்போது, எதிரில் இருப்பது உண்மையான தளம்தானா என்று போன் சரிபார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் ஒரு முக்கியமான கட்டம் நடக்காமலே போய்க்கொண்டிருந்தது. நீங்கள் இருக்கும் அதே வைஃபையில் ஒரு கில்லாடி இருந்தால், உங்களுக்கும் உங்கள் வங்கித் தளத்துக்கும் நடுவில் புகுந்துவிடலாம் என்ற நிலை. மேக் கம்ப்யூட்டர்களுக்கும் அதே ஓட்டை. சில நாள்கள் கழித்துத்தான் அதற்கு மருந்து வந்தது.

காரணம், தவறுதலாக இரண்டு முறை பதிவாகிவிட்ட ஒரே ஒரு வரி. தியேட்டர் வாசலில் நிற்பவருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பாக அதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்:

டிக்கெட்டில் தேதி தப்பாக இருந்தால்
    சோதனையை முடி
    சோதனையை முடி
டிக்கெட்டில் இருக்கும் முத்திரை உண்மையா என்று பார்

நாம் படிக்கும்போது, உள்ளே தள்ளியிருக்கும் இரண்டு வரிகளும் ‘தேதி தப்பாக இருந்தால்’ என்பதைச் சேர்ந்தவை என்று எடுத்துக்கொள்வோம். ஆனால், பிராக்கெட் போடாவிட்டால் ‘சி’ மொழி முதல் வரியை மட்டும்தான் நிபந்தனையோடு சேர்க்கும். இரண்டாவது வரி, தேதி சரியோ தப்போ, எப்போதும் நடக்கும். அதாவது, தேதி சரியாக இருந்தாலும் சோதனை அங்கேயே முடிந்துவிடும். முத்திரையை யாரும் பார்க்கவே மாட்டார்கள். அதுவரை எந்தத் தப்பும் கிடைக்காததால், ‘எல்லாம் சரி, உள்ளே போகலாம்’ என்று பதில் வரும்!

அந்த இரண்டாவது வரி உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்ததால், பார்த்த கண்களுக்கு உறுத்தவில்லை. தானாக ஒழுங்குபடுத்தும் ஒரு கருவி இருந்திருந்தால், அந்த வரியை இடது பக்கம் இழுத்துத் தனியாக நிறுத்தியிருக்கும். ‘இது ஏன் இங்கே தனியா நிக்குது?’ என்று யாராவது கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. நிபந்தனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பிராக்கெட் போட வேண்டும் என்ற விதி இருந்திருந்தாலும் இது நடந்திருக்காது.

இப்படிக் கண்ணை ஏமாற்றும் இடைவெளியைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் வசதி, 2016-ல் வந்த ‘ஜிசிசி 6’ கம்பைலரில் சேர்க்கப்பட்டது. இஸ்திரி போட்டால் சட்டையின் சுருக்கம்தான் போகும், கிழிசல் போகாது. ஆனால், சுருக்கம் போன பிறகுதான் கிழிசல் கண்ணுக்குத் தெரியும்.

சண்டையை நிறுத்திய மெஷின்

மனிதர்கள் பேசித் தீர்க்க முடியாததைத் தீர்த்துவைத்தது ஒரு மெஷின் என்று சொல்லலாம். 2009-ல் கூகுள் ‘கோ’ என்ற புரோகிராமிங் மொழியை வெளியிட்டது. ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்ப்சன் மூவரும் உருவாக்கிய மொழி. அதோடு ‘கோ-ஃபம்ட்’ என்ற ஒரு ஃபார்மேட்டரையும் சேர்த்தே கொடுத்தார்கள். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். கடைசியில் ஒரு கட்டளை கொடுத்தால், அது தன் விதிப்படி எல்லாவற்றையும் அடுக்கிவிடும். ‘எனக்கு ரெண்டு ஸ்பேஸ்தான் பிடிக்கும்’ என்றெல்லாம் அதனிடம் கேட்க முடியாது.

‘கோ-ஃபம்ட்டின் ஸ்டைல் யாருக்கும் ஃபேவரைட் இல்லை, ஆனால் கோ-ஃபம்ட் எல்லோருக்கும் ஃபேவரைட்’ என்று 2015-ல் ஒரு பேச்சில் சொன்னார் ராப் பைக். மொத்த விவாதத்தின் சாரமும் அதில் இருக்கிறது. நம் இஷ்டப்படி இல்லைதான். ஆனால், யாரோடும் சண்டை போட வேண்டியதும் இல்லை.

அந்த வழியில் இன்னும் பல கருவிகள் வந்தன. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 2017-ல் ‘பிரெட்டியர்’ வந்தது. பைத்தானுக்கு 2018-ல் ‘பிளாக்’ வந்தது. அந்தப் பெயருக்குக் காரணம், ‘எந்த கலர் வேண்டுமானாலும் கேளுங்கள், அது கறுப்பாக இருக்கும்வரை’ என்று ஹென்றி ஃபோர்டு தன் கார் பற்றிச் சொன்னதாக வழங்கும் ஜோக். சமரசமே செய்யாத ஃபார்மேட்டர் என்றுதான் ‘பிளாக்’ தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது.

இதில் முக்கியமான லாபம் மனசு சம்பந்தப்பட்டது. ‘உன் பிராக்கெட் தப்பு’ என்று சீனியர் சொன்னால் ஜூனியருக்கு முகம் சுருங்கும். மெஷின் தானாகவே நகர்த்தி வைத்துவிட்டால் யாருக்கும் வருத்தம் இல்லை. இருவரும் உட்கார்ந்து, புரோகிராம் செய்யும் வேலையைப் பற்றிப் பேசலாம்.

அப்படியானால் உலகத்துக்கே ஒரே ஸ்டைல்?

இவ்வளவு நன்மை இருக்கும்போது, எல்லா மொழிக்கும், எல்லா கம்பெனிக்கும் ஒரே விதி போட்டுவிடலாமே? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

முதலில் கூகுளையே பாருங்கள். அந்த நிறுவனம் பொதுவில் வைத்திருக்கும் ஸ்டைல் கையேடுகளின்படி ஜாவாவுக்கும் சி பிளஸ் பிளஸ்ஸுக்கும் இரண்டு ஸ்பேஸ். பைத்தானுக்கு நான்கு ஸ்பேஸ். கோ மொழிக்கு டேப். ஒரே கம்பெனிக்குள்ளேயே மூன்று வழக்கம்! ஏனென்றால், ஒவ்வொரு மொழிக்கும் அதற்கென்று ஒரு ஊர், ஒரு பழக்கம் இருக்கிறது. பைத்தானுக்கான ‘பெப் 8’ என்ற ஸ்டைல் கையேடு 2001-ல் வந்தது. அதுவே, ‘இந்தக் கையேட்டைப் பின்பற்றுவது முக்கியம்; உங்கள் புராஜெக்ட்டுக்குள் ஒரே மாதிரி இருப்பது அதைவிட முக்கியம்’ என்கிறது. விதி போட்டவர்களே விதியைவிட வீட்டு ஒற்றுமையைத்தான் மேலே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, விதிகளுக்கும் வயதாகும். 80 எழுத்து விதி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1928-ல் ஐ.பி.எம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. ஒரு அட்டையில் 80 எழுத்துகள். பிறகு வந்த டெர்மினல் திரைகளும் அதே அகலத்தைப் பின்பற்றின. அட்டை போய், அந்தத் திரையும் போய்விட்டது. எண் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2020-ல்தான் லினக்ஸில் 80-ஐத் தாண்டினால் வரும் எச்சரிக்கையை 100-க்குத் தள்ளிவைத்தார்கள். உலகம் முழுமைக்கும் ஒரு விதியைக் கல்லில் செதுக்கிவைத்தால், அதை மாற்றும் நாளில் எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. பார்வையற்ற புரோகிராமர்களில் பலர் பிரெய்ல் டிஸ்ப்ளே என்ற கருவியை விரலால் தடவிப் படிக்கிறார்கள். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். 40 கட்டங்கள் கொண்ட கருவி என்று வைத்துக்கொள்வோம். நான்கு படி உள்ளே இருக்கும் ஒரு வரிக்கு, படிக்கு நான்கு ஸ்பேஸ் என்றால், 16 கட்டங்கள் வெறும் காலியாகவே போய்விடும். மிச்சம் 24 கட்டங்களில்தான் விஷயம். அதுவே டேப் என்றால் நான்கு கட்டங்களோடு முடிந்துவிடும். பார்வை குறைந்தவர்கள் எழுத்தை மிகப் பெரிதாக்கி வேலை செய்யும்போதும் இதே தலைவலிதான். டேப்பின் அகலத்தை அவரவர் தங்கள் திரையில் குறைத்துக்கொள்ளலாம். ஸ்பேஸ் என்றால் அது அவ்வளவு எளிதில்லை.

எனக்கும் உங்களுக்கும் வெறும் ரசனையாகத் தெரிவது, இன்னொருவருக்கு வேலை செய்ய முடியுமா, முடியாதா என்ற கேள்வி. பெரும்பான்மைக்குப் பிடித்ததை உலக விதியாக்கும்போது, இப்படிப்பட்டவர்கள்தான் முதலில் வெளியே நிற்க நேரிடும்.

அப்ப என்னதான் வழி?

ஒரு புராஜெக்ட்டுக்குள் ஒரே ஸ்டைல், அவசியம் வேண்டும். அதை மனிதர்கள் அல்ல, மெஷின் காவல் காக்க வேண்டும். ஆனால், உலகத்துக்கே ஒன்று தேவையில்லை. ஒரு தெருவில் எல்லோரும் ஒரே கோலம் போட வேண்டியதில்லை. ஒரே வாசலில் இரண்டு பேர் இரண்டு கோலம் போட்டால்தான் குழப்பம்.

புதிதாக கோடிங் கற்பவர்களும், டீமை நடத்துபவர்களும் கவனிக்க வேண்டியவை இவை:

1. முதல் நாளே முடிவெடுங்கள். புராஜெக்ட் தொடங்கும்போதே அந்த மொழிக்குப் பழக்கமான ஒரு ஃபார்மேட்டரைத் தேர்ந்தெடுங்கள். அதன் இயல்பான செட்டிங்கை முடிந்தவரை மாற்றாதீர்கள். மாற்ற ஆரம்பித்தால் பழைய சண்டை புது ரூபத்தில் வரும்.
2. சேவ் செய்யும்போதே தானாக நடக்கட்டும். எடிட்டரில் இதற்கான வசதி இருக்கிறது. ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டிய வேலை என்றால் அது ஒரு நாள் மறந்துபோகும்.
3. பழைய புராஜெக்ட் என்றால் அவசரம் வேண்டாம். ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே நாளில் மாற்றினால், ‘இந்த வரியைக் கடைசியாக மாற்றியது யார்’ என்று தேடும்போது எல்லா இடத்திலும் அந்த ஒரே நாள்தான் காட்டும். ஃபார்மேட் மாற்றத்தைத் தனியாக ஒரே பதிவாகச் செய்யுங்கள். அப்படிப்பட்ட பதிவைக் கணக்கில் எடுக்காமல் தேடும் வசதி, கிட் கருவியில் 2019-ல் வந்துவிட்டது.
4. டீமில் இருப்பவர்களைக் கேளுங்கள். பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் இருந்தால், அவருக்கு எது வசதியோ அதையே டீமின் விதியாக்குங்கள். மற்றவர்கள் பழகிக்கொள்வது சுலபம்.
5. ஃபார்மேட்டர் எல்லாம் செய்யாது. புரியாத பெயர்கள், தவறான லாஜிக், தேவையற்ற சிக்கல், இதையெல்லாம் மனிதர்கள்தான் பார்க்க வேண்டும். மிச்சமாகும் நேரம் அதற்குத்தான்.

என் ரூம்மேட்டின் டீமில் சில மாதம் கழித்து ஒரு ஃபார்மேட்டரைக் கொண்டுவந்தார்கள். பிராக்கெட் மேல் வரிக்குப் போனது. “உனக்கு அடுத்த வரியில போட்டாத்தானே பிடிக்கும்?” என்று கேட்டேன்.

“ஆமா. ஆனா இப்ப அதைப் பத்தி யாரும் என்கிட்ட பேசறதில்லடி. அதுவே நிம்மதி” என்றாள். போன வாரம் அவள் டீமுக்கு ஒரு புதுப் பையன் வந்திருக்கிறான். அவன் எழுதியதை இவள்தான் முதல்முறையாகச் சரிபார்த்தாள். “என்ன எழுதின?” என்றேன். “‘லாஜிக் நல்லா இருக்கு, ஒரு இடத்துல மட்டும் டவுட்’னு எழுதினேன். அவனே வந்து பேசினான். அரை மணி நேரத்துல முடிஞ்சிடுச்சு.”

எங்கள் டெஸ்க்கிலும் இப்போது ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த வார்த்தையை எப்படி எழுதுவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்து வைத்திருக்கிறோம். எனக்கு இன்றும் பிடித்தது ‘கணினி’தான். ஆனால், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ‘கம்ப்யூட்டர்’ என்றே எழுதியிருக்கிறேன். படிக்கும்போது உங்களுக்கு எங்கேயும் இடறவில்லை அல்லவா?